அங்குலம் அறுநூற்றைம்பது

1996ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷம். வாவிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது, மழை விழவில்லை. காற்று மட்டும் திடீரென்று எழும்பி, கொடியில் காய்ந்த என் வேட்டியைப் பறித்துக்கொண்டுபோய் வேலியில் மாட்டியது. அதை எடுக்கப் போகாமல் நான் குசினிக்குள் நின்று, உப்புப் பானைக்கும் மிளகாய்த்தூள் டின்னுக்கும் நடுவில் டிவி ஒன்று வைக்கச் சுவர்த்தட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளவுநாடாவால் அளந்துகொண்டிருந்தேன். பதினொரு அங்குலம். நம்பிக்கை வராமல் இன்னொருமுறை அளந்தேன். பதினொன்றேதான்.

மற்றவர்கள் யோசிக்காமல் மடத்தனம் செய்கிறார்கள். நான் செய்ததெல்லாம் அளந்து, எண்ணி, கூட்டிக் கழித்துச் செய்தவை. கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் இருபத்தொன்பது வருஷம் மூட்டை எண்ணிய மனிதன் நான். (கோயிலில் சுவாமி கும்பிடும்போதும் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணுகிறவன். முருகன் இதைக் கவனித்திருக்க வேண்டும். பிற்பாடு நடந்ததற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.)

குசினிக்குள் டிவி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

அதற்கு முந்தின வருஷம் ஆனியில் எங்கள் மகள் சாந்திக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதுதான் வழக்கம். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார், பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். என் மனைவி நேசம்மாவும் நானும் ஒதுங்கியது, பின்பக்கத்துக் குசினிக்கும் அதோடு ஒட்டிச் சாய்வாகக் கூரை இறக்கிய பத்திக்கும். முன்வீடும், கதிரைகளும், இருபத்தொரு அங்குலக் கலர் டிவியும் மகளின் சீதனமாகிவிட்டன.

மருமகன் தவராசா தங்கமான பிள்ளை. அதுதான் பிரச்சினையே. அவர் இருக்கும் இடத்தில் நேசம்மா இருக்க மாட்டாள். மருமகனுக்கு முன்னால் மாமி கதிரையில் உட்காருவதா? அவர் வந்தால் அவள் எழும்பிவிடுவாள். அவள் எழும்பினால் அவர் வெட்கப்பட்டு வெளியே போய்விடுவார். இப்படி இரண்டு பேரும் நாளுக்கு நாலைந்து தரம் ஒருவரை ஒருவர் வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள், மிகுந்த மரியாதையோடு.

சனிக்கிழமை பின்னேரம் ஏழரைக்கு ஒரு தொடர் நாடகம் போகும். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்துக்குள், இரண்டே டிவிதான். மற்ற டிவிக்காரர் வாசல் படலையைப் பூட்டுகிறவர் என்பதால் சனம் முழுக்க எங்கள் முன்வீட்டில்தான். நாடகத்தில் கமலம் என்றொரு பெண். கலியாணமாகி மூன்றாம் மாதம் புருசன் வேலை தேடிப் போகிறான். கடிதம் இல்லை, செய்தி இல்லை. அவள் காத்திருக்கிறாள். கதை அவ்வளவுதான். நாற்பது கிழமையாக, சனிக்குச் சனி, காத்திருந்தாள்.

நேசம்மா இந்த நாற்பது கிழமையும் அடுப்படியில் நின்று, சுவருக்கு அப்பால் வருகிற சத்தத்தை மட்டும் கேட்டாள். கமலத்தின் முகத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"கமலம் கறுப்பு. நல்ல குண்டு. மூக்குத்தி போட்டிருப்பா," என்பாள்.

"ஆரு சொன்ன?"

"குரலுக்குத் தெரியாதா?"

ஒருநாள் இரவு சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இஞ்ச பாருங்க, எனக்கொரு சின்ன டிவி வாங்கித் தாங்களன். குசினிக்குள்ள வெக்க."

"குசினிக்குள்ள டிவியா? கறி கருகிப் போகும்."

"கருகட்டும். வாற சனிக்கிழம நாடகம் முடியுதாம். கமலத்திட புருசன் வாறானா இல்லையா எண்டு என்ட கண்ணால பாக்கணும்."

"நான் பாத்திட்டு வந்து சொல்லுறனே."

"நீங்க சொல்லுவிங்க, அவன் எத்தின மணிக்கு வந்த எண்டு. வேறொண்டும் சொல்ல மாட்டிங்க."

முப்பது வருஷ வாழ்க்கையில் அவள் என்னிடம் வாய் திறந்து கேட்ட பொருள் இது ஒன்றுதான். நான் எண்ணிப் பார்த்தேன்; வேறு ஞாபகம் வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. அவளுடைய தம்பி தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலையில் கல்முனைக்குச் சாமான் வாங்கப் போனவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. இரவில் படலை அசைந்தால் அவள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். மூட்டை மூட்டையாகக் கூட்டிப் பழகிய எனக்கு, இந்தத் தம்பியையும் அந்தக் கமலத்தையும் கூட்டிப் பார்க்க அன்று தோன்றவில்லை.

சரி, கடைக்கு வருவோம்.

காத்தான்குடியில் டிவி விற்கிற கடைக்காரரை எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சனிக்கிழமை என்னைக் கண்டதும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இரிங்க அண்ணே. குசினிக்கா? இந்தா, பதினாலு இஞ்சி, கலர். ஒம்பதாயிரத்தி எண்ணூறு. ஒங்களுக்கெண்டா கொறச்சித் தாறன்."

"அங்குலம் எழுநூறு," என்றேன்.

"என்ன?"

"ஒண்டுமில்ல. அந்த மூலையில இருக்கிற சின்னது?"

"அதுவா? அஞ்சி இஞ்சி, கறுப்பு வெள்ள. லொறி ஓட்டுற பொடியனுகள் வாங்குற சாமான். மூவாயிரத்தி எரநூத்தம்பது."

"அங்குலம் அறுநூற்றைம்பது!" என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். அங்குலத்துக்கு ஐம்பது ரூபா லாபம். அதோடு, தட்டு பதினொரு அங்குலம். பெரியது அதில் ஏறாது. கணக்கும் தட்டும் ஒன்றாகச் சாட்சி சொன்னால் மனிதன் என்ன செய்வான்?

காக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணே, டிவி என்ன சாறன் துணியா, அளந்து கிழிச்சித் தர?"

"கணக்கெண்டா கணக்குத்தான் காக்கா."

"செரி, ஒங்கட விருப்பம். மறுகா என்னைக் கொற சொல்லப்படாது. ஒரு அன்டெனாவும் எடுத்திட்டுப் போங்க, முந்நூத்தம்பது."

"அன்டெனா வீட்டில இருக்கு."

"ஒரு அன்டெனாவில ரெண்டு டிவி இழுக்காதே."

"அதில்ல காக்கா, அன்டெனாவோட சென்றியால போக ஏலாது. பிடிச்சு வெச்சிருவானுகள்."

இதைச் சொல்லும்போது நான் குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். அந்த வருஷங்களில் சென்றியால், வழியில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடியால், நாங்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. ஆனால் எந்தக் கஞ்சத்தனத்தையும் அதன் தலையில் கட்டிவிடலாம் என்றொரு வசதியும் இருந்தது. காக்கா தலையை ஆட்டினார். நம்பினாரோ, கணக்கைப் புரிந்துகொண்டாரோ, தெரியாது.

பஸ்ஸில் மடியில் வைத்துக் கண்ணாடியை அளந்து பார்த்தேன். (அளவுநாடா சட்டைப் பையிலேயே இருந்தது.) அகலம் நான்கு அங்குலம். உயரம் மூன்று. ஐந்து எங்கே? மூலையிலிருந்து மூலைக்கு வைத்துப் பார்த்தேன். ஐந்து. சரிவாக அளந்து விற்றிருக்கிறார்கள்! நான் வாழ்நாளில் ஒரு மூட்டையையும் சரிவாக எண்ணியதில்லை.

சென்றியில் எல்லாரும் இறங்கி வரிசையாக நடந்தோம். எனக்கு முன்னால் ஒரு இளந்தாரி. அவன் தோளில் என்ன? அன்டெனா. என் உயரத்துக்கு அலுமினியக் கம்பி, மீன்முள்ளுப் போல. காவலுக்கு நின்ற சிப்பாய் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யன்ன, யன்ன," என்று போகச் சொன்னான். இளந்தாரி போய்விட்டான்.

அடுத்தது நான். என் பைக்குள்ளிருந்து சின்ன டிவியின் இழுப்புக் கம்பி ஒரு சாண் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டிவி என்று அதைக் கண்டவர் யாரும் சொல்ல மாட்டார்கள். காட்டுக்குள் இயக்கக்காரர் வைத்துக் கதைக்கிற சாமான் என்றுதான் சொல்வார்கள்.

"மே மொகத?" என்றான் சிப்பாய். இது என்ன என்று அர்த்தம்.

எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும் என்ற திமிர் இருந்தது. "டிவி. குஸ்ஸியட்ட," என்றேன். குசினிக்கு அவர்களும் கிட்டத்தட்ட அதே சொல்தான். போர்த்துக்கீசன் போகும்போது இரண்டு வீட்டுக்கும் ஒன்றையே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"குஸ்ஸியட்ட?" அவன் மற்றவனைக் கூப்பிட்டான். மற்றவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். குசினிக்கு டிவி வாங்கிப் போகிற மனிதனை அவர்களும் கண்டதில்லை போலும். என்னை மணல்மூட்டைக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். டிவியைக் கழற்றினார்கள், பூட்டினார்கள், தங்கள் கரண்டில் போட்டுப் பார்த்தார்கள். அதில் எங்கேயோ கிரிக்கெட் தெரிந்தது. அதன்பிறகு என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. என்னை யாரும் நினைக்கவேயில்லை. நான் வந்த பஸ் போய்விட்டது. மூன்று மணித்தியாலம் நாற்பது நிமிஷம் அந்த மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தேன். (மூட்டைகள் எழுபத்திரண்டு.) கடைசி விக்கெட் விழுந்தபிறகு டிவியைத் துடைத்துத் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஆறு ஐம்பது. நேசம்மா குளித்து, நல்ல சேலை ஒன்று கட்டி, குசினி வாசலில் நின்றாள். கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். சோறு கறியெல்லாம் ஆக்கி மூடியாயிற்று. அடுப்புக்கு முன்னால் அவளுடைய திருவலைப்பலகை தயாராகப் போட்டிருந்தது, தேங்காய் திருவ அல்ல, இருந்து பார்க்க.

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்? எனக்கு நெஞ்சு பதறிற்று." பிறகு பையைப் பார்த்தாள். "இதுதானா? பெட்டி எங்க?"

"இதுதான் பெட்டி."

அவள் தட்டுப் பக்கம் திரும்பினாள். உப்புப் பானையை ஒரு பக்கம் தள்ளினாள். பதினொரு அங்குலத் தட்டில் டிவி ஏறி, இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது.

போட்டேன். சத்தம் கணீரென்று வந்தது. படம் வரவில்லை. அரிசிமாவைச் சுளகில் புடைப்பது போல வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பியை நீட்டினேன், மடக்கினேன், சன்னல் பக்கம் திருப்பிக் கிறுக்கினேன். மா கொட்டியபடியே இருந்தது.

"சத்தம் நல்லாக் கேக்குது," என்றேன்.

"சத்தம் எனக்கு சுவருக்குள்ளாலயும் கேக்கும்," என்றாள் நேசம்மா.

ஏழு இருபத்தெட்டு. முன்வீட்டில் சனம் நிறைந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. முன்வீட்டு அன்டெனா வயர் கூரையால் இறங்கி, குசினிச் சுவரை உரசிக்கொண்டுதான் போகிறது. ஒரு கரண்ட் வயரில் இரண்டு பல்ப் எரிகிறதே, ஒரு அன்டெனா வயரில் இரண்டு டிவி ஏன் ஓடாது? பாக்குவெட்டியை எடுத்தேன். நேசம்மா "வேணாங்க, மருமகன் பாக்கிறார்," என்று சொல்லி முடிக்கவில்லை. நறுக்.

மூன்று நுனிகளையும் சேர்த்து முறுக்கினேன். குசினி டிவியில் மா கொட்டுவது நின்றது. ஒரு முகம் தெரிந்தது.

நேசம்மா திருவலைப்பலகையில் இருந்தபடி முன்னால் சாய்ந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் கண்டு கனகாலம்.

"இது ஆரு?" என்றாள்.

"கமலம்."

"இவவா? இந்த ஒல்லிக்குச்சியா?" அவள் பயந்துபோனவள் மாதிரிக் கேட்டாள். "இல்லங்க, இது வேற ஆளு. மூக்குத்தியும் இல்ல."

அந்த முகம் வாயைத் திறந்தது. நாற்பது கிழமையாக அவளுக்குத் தெரிந்த குரல் அதற்குள்ளிருந்து வந்தது. நேசம்மாவின் கை வாய்க்குப் போனது. ஒரு நொடியில் அவளிடமிருந்து ஒரு ஆளை நான் பறித்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. படம் தெளிவு, வேலை வெற்றி என்றுதான் நினைத்தேன்.

அதே நேரம் முன்வீட்டில் ஊரே எழும்பி நின்று கத்தியது.

"ஐயோ, போயிட்டு! படம் போயிட்டு!"

"காத்துக்கு அன்டெனா கிறுகிட்டுப் போல. தம்பி தவராசா, வெளிய வந்து கிறுக்குங்க!"

மருமகன் பாவம், முற்றத்தில் நின்று கமுகமரக் கம்பத்தைச் சுற்றினார். "இப்ப தெரியுதா?" "இல்ல!" "இப்ப?" "இல்ல, இன்னும் கிறுக்குங்க!" அவர் ஒவ்வொருமுறை சுற்றும்போதும் என் டிவியில் கமலம் நெளிந்து நெளிந்து மறைந்தாள். அவசரத்தில் நான் வயரைக் கையால் பிடித்தேன். என்ன அதிசயம், படம் நின்றது. கையை விட்டால் மா. பிடித்தால் கமலம். ஆகவே நான் முக்காலியில் ஏறி, வயரை உயர்த்திப் பிடித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். (தாழ்த்திப் பிடித்தால் சத்தம் மட்டும். நான் சோதித்துப் பார்த்தேன்.)

பக்கத்து வீட்டுக்காரி குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "இஞ்ச வாங்க எல்லாரும்! குசினிக்குள்ள தெரியுது!"

இருபத்து மூன்று பேர். எட்டடிக்குப் பத்தடிக் குசினி. மரியாதைக்காக எல்லாருமாகச் சேர்ந்து ஒருவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவர் மருமகன்.

நேசம்மா எழும்பிவிட்டாள்.

"இரிங்க மாமி, நீங்க இரிங்க," என்றார் அவர் தவித்துப்போய்.

"இல்ல மனே, நீங்க இரிங்க. நான் தேத்தண்ணி வெக்கிறன்."

இருக்க வேண்டிய ஒரே ஆள் எழும்பி, அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுடைய பலகையில் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். நேசம்மாவின் முதுகுக்குப் பின்னால் மூன்றரை அடியில் நாடகம் முடிந்துகொண்டிருந்தது. நான் முக்காலியிலிருந்து இறங்கி, எல்லாரையும் வெளியே போகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன்.

"மாமா, கைய விடாதீங்க! விடாதீங்க!" என்று இருபத்து மூன்று பேரும் கத்தினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. விடவில்லை.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. டிவிக்குள். கமலம், "ஆரது?" என்றாள். கேத்தலுக்குப் பக்கத்தில் நேசம்மாவின் கை நின்றது. பிறகு பாட்டு வந்தது. பாட்டோடு முடிந்துவிட்டது.

"வந்திட்டான்! புருசன் வந்திட்டான்!" என்றது ஒரு பக்கம்.

"எங்க புருசன்? அது தபால்காரன். கையில பை வெச்சிருந்தான்."

"வெளிநாட்டால வாறவன் பையில்லாமலா வருவான்?"

"தொப்பி போட்டிருந்தான்டா!"

"அது தொப்பி இல்ல, படத்தில உள்ள புள்ளி!"

மூன்றுக்கு நான்கு அங்குலத்தில், மா கொட்டுகிற நடுவில், படலையடியில் ஒரு ஆள் நின்றிருக்கிறான். ஆனால் எவன் என்று இருபத்து மூன்று பேருக்கும் தெரியவில்லை. ஊரடங்கால் சனம் எட்டரைக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சண்டை பிடித்துக்கொண்டே ஒழுங்கையால் போனார்கள்.

நேசம்மா கோப்பைகளைக் கழுவினாள். நான் முக்காலியிலிருந்து இறங்கினேன். கை மரத்துப்போயிருந்தது.

"நீங்க கிட்டத்தானே நிண்டீங்க," என்றாள். "ஆரு அது?"

நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புருசன்தான்," என்றேன்.

"வடிவாக் கண்டீங்களா?"

"ஓம். ஏழு ஐம்பத்தேழுக்கு வந்தான்."

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், புகை என்றாள். அடுப்பு அணைந்து எவ்வளவோ நேரம்.

அடுத்த கிழமை போய் அந்த முந்நூற்றைம்பது ரூபா அன்டெனாவை வாங்கி வந்தேன். சென்றியில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. குசினி டிவியில் அதன்பிறகு படம் நன்றாகத் தெரிந்தது. நேசம்மா அதைப் போடுவதில்லை. "முகம் பாத்தா எனக்குக் கத விளங்குதில்ல," என்றாள். கொஞ்ச நாளில் அதன்மேல் உள்ளிக் கூடை ஏறியது.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் மங்கலான ஃபோட்டோ ஒன்று வந்தால், பேரப்பிள்ளைகள் முதலில் கேட்பது "புருசனா, தபால்காரனா?" என்றுதான். கனடாவிலிருந்து யாராவது வீடியோவில் கூப்பிட்டு முகம் உடைந்து உடைந்து வந்தால், "அம்மப்பா, வயரைப் பிடிங்க!" என்று கத்துவார்கள். வீட்டில் யார் மலிவாக எதை வாங்கினாலும் அது 'அங்குலக் கணக்கு'. சிரிக்கிறவர்களில் மருமகனும் ஒருவர். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. இப்போது முன்வீட்டில் நாற்பத்து மூன்று அங்குல டிவி இருக்கிறது. பின்னேரமானால் அவரே மாமியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அதற்கு முன்னால் கதிரையில் இருத்துகிறார். அவள் எழும்புவதில்லை. சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கண்ணைக் கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் யார் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிவதுமில்லை. பழையபடி சத்தத்தை மட்டும் கேட்கிறாள்.

இடைக்கிடை என் பக்கம் திரும்பி, "அண்டைக்குப் படலையடியில வந்தது புருசன்தானே?" என்று கேட்பாள்.

"ஓம்."

"கமலத்திட முகம்தான் பிழை. அவன் வந்தது சரி," என்பாள். பிறகு படலைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "அப்பிடி வாறவங்களும் இருக்கிறாங்கதானே," என்பாள்.

அவள் கேட்கும் ஒவ்வொரு தரமும் நான் மனதுக்குள் அந்தக் கணக்கைக் கூட்டுகிறேன். டிவி மூவாயிரத்து இருநூற்றைம்பது. இரண்டு தரமும் பஸ் போகவர பதினான்கு. இருபத்து மூன்று பேருக்குத் தேயிலையும் சீனியும் நாற்பத்தாறு. கிழமை பிந்தி வாங்கிய அன்டெனா முந்நூற்றைம்பது. எத்தனை தரம் கூட்டினாலும் மூவாயிரத்து அறுநூற்று அறுபது ரூபாதான் வருகிறது.